வழங்காத வழங்கி

சர்வருக்குத் தமிழில் 'வழங்கி' என்று பேர் வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். செய்ய வேண்டிய வேலை பேரிலேயே இருக்கிறது. வழங்கணும், அவ்வளவுதான். ஆனா நம்ம சேலம் - நாமக்கல் பக்கத்து காலேஜ் லேப்புகளிலும் டிசைன் ஆபீசுகளிலும் மூலையில தூசி படிஞ்சு உக்காந்திருக்கற உரிம வழங்கிகள் பலதும் அந்த ஒரு வேலையைத் தவிர மத்த எல்லாத்தையும் செய்யுதுங்க. கரண்டு தின்னுது. ஏசி கேக்குது. வருசா வருசம் புதுப்பிக்கக் காசு கேக்குது. வழங்க மட்டும் மாட்டேங்குது.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. சமீபத்துல நம்ம பதிவர் நண்பர்கள் நாலஞ்சு பேர் 'இன்ஜினியரிங் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியலை'ன்னு ஆளாளுக்கு ஒரு பதிவு போட்டுத் தீத்துட்டாங்க. பாடத்திட்டம் சரியில்லை, வாத்தியார் சரியில்லை, பசங்களுக்கு செல்ஃபோன் மோகம்... எல்லாத்தையும் படிச்சேன். ஒருத்தர் கூட லேப்ல இருக்கற அந்த ஒரு பொட்டியைப் பத்திப் பேசலை. அதனால சபையில ஒரு சண்டையை இழுத்துப் போட்டுட்டுப் போறேன்.

டிஸ்கி: நான் வாத்தியார் இல்லை. சேலத்துல ஒரு டிசைன் ஆபீசுல பொட்டி தட்டறவன். உரிம வழங்கியை நிறுவறதும், அது மக்கர் பண்ணும்போது திட்டு வாங்கறதும் என் பொழப்பு. தெரிஞ்சவங்க கூப்பிட்டா காலேஜ்களுக்கும் போய்ப் பாத்துக் குடுத்துட்டு வர்றதுண்டு. அப்படிப் பாத்ததுதான் இங்க வருது. எந்தக் காலேஜுன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன் :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். உரிம வழங்கியை நிறுவறது கம்ப்யூட்டர் வேலை. அதுல யாருக்கு எப்ப இடம்னு எழுதறது கம்ப்யூட்டர் வேலை இல்லை, பங்கு பிரிக்கற வேலை. அந்தப் பங்கை யாருமே பிரிக்காம விட்டுட்டு, 'லைசன்ஸ் பத்தலை'ன்னு பசங்களைத் திருப்பி அனுப்பறது அநியாயம்.

பங்குக் கிணறு

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க அடுத்த தலைப்புக்குத் தாவிடுங்க.

நம்ம பக்கம் நாலு பங்காளிக்கு ஒரு கிணறு இருக்கும். நாலு பேரும் தனித்தனியா வெட்டக் காசு கிடையாது, வெட்டினாலும் தண்ணி கிடையாது. அதனால மொறை. திங்கக்கெழமை பெரியப்பா காடு, செவ்வாக்கெழமை சித்தப்பா காடு, இப்படி. ஒரே மோட்டார், ஒரே தண்ணி, நாலு காடும் வெளையுது.

ஃப்ளோட்டிங் லைசன்ஸ்ங்கறது இதேதான். தமிழ்ல 'மிதக்கும் உரிமம்'னு சொன்னா ஏதோ பரிசல் மாதிரி இருக்கு, அதனால பொது உரிமம்னு வெச்சுக்குவோம். லட்சக்கணக்குல வெலை சொல்ற டிசைன் மென்பொருளை 300 பேருக்கு 300 வாங்க முடியாது. 30 வாங்கி ஒரு வழங்கியில வைக்கணும். யார் மென்பொருளைத் தொறக்கறாங்களோ அவங்க கணினி வழங்கியைக் கேக்கும், 'இடம் இருக்கா?'ன்னு. இருந்தா ஒண்ணு கெடைக்கும். மூடினா அது திரும்பிப் போயிடும், அடுத்த ஆள் எடுத்துக்கலாம். 31வது ஆளுக்கு மட்டும் இல்லைன்னு பதில் வரும்.

இதைச் செய்யறதுக்கு உலகம் பூரா அதிகமாப் புழங்கறது ஃப்ளெக்ஸ்எல்எம்னு ஒரு சமாச்சாரம். 1988ல வந்தது. க்ளோப்ட்ராட்டர்னு ஒரு கம்பெனி வளத்துச்சு, 2000ல மேக்ரோவிஷன் வாங்குச்சு, 2008ல அக்ரெஸ்ஸோன்னு தனியா பிரிஞ்சுது, 2009ல ஃப்ளெக்செரான்னு பேர் மாறுச்சு. பேர்தான் மாறுது, உள்ள ஓடற எல்எம்ஜிஆர்டி அதேதான். ஆட்டோடெஸ்க், ஆன்சிஸ், மேட்லேப் எல்லாமே இந்த ஒரு கிணத்துல மோட்டார் போட்டவங்கதான்.

நிறுவறது அரை நாள் வேலை கூட இல்லை

இதைப் பெரிய மந்திர வித்தை மாதிரிக் காட்டி காசு கறக்கறவங்க இருக்காங்க. அதனால பட்டுனு சொல்லிடறேன்.

லைசன்ஸ் ஃபைல்னு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வரும். முதல் வரி சர்வர்: கணினியோட பேர், அதோட அடையாள எண், போர்ட். அடையாள எண் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டோட மேக் முகவரி. அதனாலதான் கார்டை மாத்தினா லைசன்ஸ் செத்துப் போகுது. ரெண்டாவது வரி வெண்டார்: அந்தக் கம்பெனியோட சொந்த டீமன் பேர். ஆட்டோடெஸ்க்குக்கு ஆட்ஸ்க்ஃப்ளெக்ஸ், மேட்லேபுக்கு எம்எல்எம், ஆன்சிஸுக்கு ஆன்சிஸ்எல்எம்டி. அதுக்குக் கீழ ஃபீச்சர், இன்க்ரிமென்ட்னு என்ன மென்பொருள், எத்தனை இடம், எந்தத் தேதி வரைக்கும்ங்கற கணக்கு. கடைசியில ஒரு கையொப்பம், அதுல ஒரு எழுத்தை மாத்தினாலும் ஏத்துக்காது.

எல்லாரும் மாட்டிக்கற எடம் ஒண்ணு இருக்கு. போர்ட் குடுக்கலைன்னா எல்எம்ஜிஆர்டி 27000ல இருந்து 27009 வரைக்கும் காலியா இருக்கறதைப் புடிச்சுக்கும். ஃபயர்வால்ல அதைத் தொறந்துட்டு, 'இன்னும் வேலை செய்யலையே'ன்னு தலையைப் பிச்சுக்குவாங்க. காரணம், வெண்டார் டீமனுக்குத் தனி போர்ட். அது ஒவ்வொரு தடவையும் இஷ்டத்துக்கு ஒண்ணைப் புடிக்கும். வெண்டார் வரியிலயே போர்ட்னு எழுதி எண்ணை நிலையாக் கட்டிப் போட்டு, அதையும் ஃபயர்வால்ல தொறந்தா முடிஞ்சுது.

இவ்வளவுதாங்க. டீ குடிச்சுக்கிட்டே செய்யலாம். எல்லாக் கணினியிலயும் மென்பொருள் தொறக்குது, எச்ஓடி வந்து பாக்கறாரு, சப்ளையர் கையெழுத்து வாங்கறாரு, பில் பாஸ் ஆகுது. எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்க.

நான் சொல்றேன், வேலையே அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. அதைத்தான் யாரும் செய்யறதில்லை.

கடைமடை

சேலத்துல இருந்து கோயமுத்தூர் ரோட்டுல சங்ககிரி, குமாரபாளையம் வரைக்கும் போங்க. இல்லைன்னா ராசிபுரம், நாமக்கல் வழியா கரூர் ரோட்டைப் புடிங்க. நடுவுல திருச்செங்கோட்டுக்கு ஒரு எட்டுப் போங்க. வழி நெடுகக் காலேஜ்தான். அந்தக் காலேஜ்கள்ல படிக்கற பசங்க யாரு? பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவர் புள்ளை. நாமக்கல்ல கோழிப்பண்ணையில வேலை செய்யறவர் பொண்ணு. லாரி டிரைவர் பையன். வீட்டுல முதல் ஆளா காலேஜ் வந்தவங்க ஏராளம். அவங்க கிட்ட செல்ஃபோன் இருக்கு, இல்லைங்கலை. பெரிய அசெம்பிளியைத் தொறந்து சுத்திப் பாக்கற அளவுக்குக் கணினி வீட்டுல கிடையாது. 2011ல ஆரம்பிச்ச அரசாங்க மடிக்கணினித் திட்டத்துல வாங்கினதெல்லாம் எழுதறதுக்குப் படிக்கறதுக்கு நல்லாவே உதவுச்சு, ஆனா டிசைன் மென்பொருளை ஓட்டச் சொன்னா மூச்சு வாங்கும்.

அதனால அவங்களுக்கு லேப்தான் எல்லாம். இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 30 இடம் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், ஆக 720 இட-மணி நேரம். லேப் தொறந்திருக்கறது காலைல 9ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும், 7 மணி நேரம். ஒரு நிமிசம் கூட காலியில்லாம ஓடினாக்கூட 210தான். 4 மணிக்கு மேல பஸ் கெளம்புது, லேப் பூட்டறாங்க, மெயின் சுவிட்சை அணைக்கறாங்க. பாதி எடத்துல வழங்கியும் அதே சுவிட்ச்சுலதான் இருக்கு, அதுவும் அணைஞ்சுடுது. மீதி 510 இட-மணி நேரம் கிணத்துத் தண்ணி கிணத்துலயே. ஞாயித்துக்கெழமையைச் சேக்கவே இல்லை பாத்துக்குங்க.

லேப்புல இருந்து 200 மீட்டர்ல ஹாஸ்டல். அங்க 24 மணி நேரமும் நெட்வொர்க். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை வெச்சுக்கிட்டு முழிச்சுட்டு உக்காந்திருக்கான் ஒரு பையன். பக்கத்து ரூம்காரன் மடிக்கணினி நல்ல மடிக்கணினி. அதுல மென்பொருளும் இருக்கு. தொறந்தா 'உரிம வழங்கியைத் தொடர்பு கொள்ள முடியவில்லை'ங்கற அர்த்தத்துல ஒரு பிழைச் செய்தி. லேப் நெட்வொர்க்கைத் தவிர வேற எதுக்கும் வழி விடலை. ஏன் விடலைன்னு கேட்டேன் ஒரு எடத்துல. 'அப்படியே இருந்துச்சு சார், யாரும் மாத்தச் சொல்லலை'ன்னாங்க.

கவனிங்க. யாரும் 'ஹாஸ்டல் பசங்களுக்குக் குடுக்கக்கூடாது'ன்னு முடிவு செய்யலை. யாரும் எந்த முடிவும் செய்யலை. அதுதான் எனக்குக் கொதிக்குது. கெட்ட எண்ணத்தோட செஞ்சிருந்தாக்கூட எதுத்துச் சண்டை போடலாம். இங்க யார் கூடப் போய்ச் சண்டை போடறது?

மேட்டூர் கிழக்கு மேற்குக் கரை வாய்க்கால் தெரியுமில்லையா. அணையில தண்ணி இருக்கற வருசம் ஆகஸ்ட் 1ல தொறந்து டிசம்பர் 15 வரைக்கும் விடறது வழக்கம். சேலம், நாமக்கல், ஈரோடு மூணு மாவட்டத்துலயும் சேத்து 45,000 ஏக்கர். அதுல கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா சும்மா இருப்பாங்களா விவசாயிங்க? கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல போய் உக்காந்துக்குவாங்க. 'மதகு அப்படியே இருந்துச்சு, யாரும் தொறக்கச் சொல்லலை'ன்னு ஒரு இன்ஜினியர் சொன்னா விட்டுருவாங்களா? அந்த விவசாயியோட புள்ளைதான் ஹாஸ்டல்ல உக்காந்திருக்கான். அவனுக்கு இப்படி ஒரு மதகு இருக்கறதே தெரியாது.

மொறை எழுதற கோப்பு

இந்த மொறையை எழுதறதுக்குன்னே ஒரு கோப்பு இருக்கு. ஆப்ஷன்ஸ் ஃபைல்னு பேர். நான் பாத்த பாதி வழங்கியில அந்தக் கோப்பே கிடையாது. எழுத வேண்டியது நாலஞ்சு வரிதான், ஆனா ஒவ்வொரு வரியும் ஒரு நியாயம்.

டைம்அவுட்: மென்பொருளைத் தொறந்து வெச்சுட்டு டீக்கடைக்குப் போனவரோட இடத்தைத் திருப்பி எடுக்கற வரி. நொடிக் கணக்குல எழுதணும். பொதுவா 15 நிமிசத்துக்குக் கீழ போக முடியாது, சில கம்பெனி அதைவிடக் கூடுதலா வெச்சிருக்கும். மென்பொருளும் இதுக்கு ஒத்துழைக்கணும். ஒத்துழைக்கறதுல கூட இதை எழுதாம விட்டிருக்காங்க. காலைல ஃபேகல்டி ரூம்ல தொறந்தது சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். எல்எம்ஸ்டாட்னு ஒரு கட்டளை போட்டுப் பாருங்க, யார் எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு வரிசையாக் காட்டும். சில பேர் வந்ததுல இருந்து போற வரைக்கும் பந்தியில எலையை விரிச்சு வெச்சுட்டு உக்காரவே இல்லைங்கறது தெரியும்.

ரிசர்வ்: இன்னாருக்கு இத்தனைன்னு ஒதுக்கற வரி. கேக்க நல்லா இருக்கும். ஆனா ரிசர்வ் போட்ட இடம், அந்த ஆள் பயன்படுத்தாதப்பவும் மத்தவங்களுக்குக் கெடைக்காது. எச்ஓடிக்கு ரெண்டு, மூத்த பேராசிரியருக்கு ஒண்ணு, டெமோவுக்கு ரெண்டுன்னு மரியாதைக்குப் போட்டுக்கிட்டே போனா 30ல 5 செத்துப் போச்சு. மரியாதையை வேற வழியில காட்டுங்க சாமி.

மேக்ஸ்: ஒரு குழு அதிகபட்சம் இத்தனைதான் எடுக்கலாம்னு சொல்ற வரி. ஒரே டிபார்ட்மெண்ட் மொத்தத்தையும் வாரிக்கறதைத் தடுக்க இதுதான் நல்ல வழி. இது எதையும் பூட்டி வைக்கறதில்லை, வரம்பு மட்டும் கட்டுது.

இன்க்ளூட்: கொஞ்சம் ஆபத்தான வரி. ஒரு குழுவை இன்க்ளூட்னு எழுதினா, அதுல இல்லாத எல்லாரும் தானா வெளிய. மெக்கானிக்கலுக்கு நல்லது செய்யறேன்னு எழுதி ஆட்டோமொபைலை வெளிய தள்ளின கதையெல்லாம் உண்டு. இன்னொண்ணு, ஆங்கிலப் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா அது வேற ஆள்னு நினைச்சுக்கும். அதைக் கண்டுக்காதேன்னு சொல்லறதுக்கும் தனியா ஒரு வரி இருக்கு. லேப்புல எல்லாரும் ஒரே 'ஸ்டூடண்ட்' பேர்ல நுழையறாங்கன்னா ஆள் பேர்ல குழு பிரிக்கவே முடியாது, கணினி முகவரியை வெச்சு ஹோஸ்ட் க்ரூப்தான் கட்டணும்.

எழுதி முடிச்சுட்டு எல்எம்ரீரீட்னு ஒரு கட்டளை போட்டா பெரும்பாலான மாத்தம் வழங்கியை நிறுத்தாமலே நடைமுறைக்கு வந்துடும்.

இப்ப சொல்லுங்க. இந்த வரிகள்ல எது கம்ப்யூட்டர் விசயம்? யார் எத்தனை நேரம் சும்மா வெச்சிருக்கலாம், யாருக்கு முன்னுரிமை, சாயங்காலம் யாருக்கு, ப்ராஜெக்ட் மாசத்துல யாருக்கு... இதெல்லாம் ஊர்ல பஞ்சாயத்து உக்காந்து பேச வேண்டிய விசயம். மாசச் சம்பளத்துக்கு இருக்கற லேப் அசிஸ்டெண்ட் தலையில இதைக் கட்டிட்டு, 'டெக்னிக்கல் மேட்டர்'னு சொல்லி நழுவறாங்க பாருங்க, அது நழுவல்தான்.

மறுப்பை எண்ணுங்க

'நீ சொல்றதெல்லாம் சரிப்பா, ஆனா நிஜமாவே இடம் பத்தலை, இன்னும் வாங்கணும்'னு ஒரு கட்சி. வாங்குங்க, நான் வேண்டாங்கலை. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யுங்க.

வழங்கி ஒரு பதிவேடு எழுதிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் இடம் எடுத்தா அவுட், திருப்பிக் குடுத்தா இன், இல்லைன்னு சொன்னா டினைட். டினைட்ங்கற சொல்லு ஒரு மாசத்துல எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணுங்க. எத்தனை மணிக்கு வந்திருக்குன்னு பாருங்க. மறுப்பு எல்லாம் செவ்வாக்கெழமை 11 மணிக்கு மட்டும்னா, ரெண்டு வகுப்புக்கு ஒரே நேரத்துல லேப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். டைம்டேபிளை மாத்தினா போதும், லட்சம் மிச்சம். நாள் பூரா, டைம்அவுட் போட்டதுக்கப்புறமும் மறுப்பு வருதுன்னா அப்ப வாங்குங்க, நானே வந்து நிறுவிக் குடுக்கறேன்.

இன்னொரு கட்சி உண்டு. ஒரு வழங்கி செத்தா எல்லாம் செத்துடும், அதனால மூணு வழங்கி வைக்கணும்பாங்க. அப்படி ஒரு ஏற்பாடு நிஜமாவே இருக்கு, மூணுல ரெண்டு உயிரோட இருந்தா போதும். ஆனா மூணையும் ஒரே ரூம்ல, ஒரே யூபிஎஸ்ல மாட்டினா என்ன லாபம்? யூபிஎஸ் போச்சுன்னா மூணும் சேந்து போகும். மூணு வழங்கிக்குச் செலவழிக்கற காசுல ஒரு நல்ல பேட்டரி வாங்கி, வழங்கியை லேப் மெயின் சுவிட்சுல இருந்து பிரிச்சு மாட்டுங்க. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை.

கிராக்கும் லினக்ஸும்

வழக்கம் போல பின்னூட்டத்துல ரெண்டு அணி வரும்னு தெரியும். அதனால இப்பவே.

முதல் அணி: 'கிராக் போட்டுட்டுப் போறதை விட்டுட்டு என்னய்யா இவ்வளவு பேச்சு?' அண்ணாச்சி, 1957ம் வருசத்து காப்பிரைட் சட்டத்துல 63பின்னு ஒரு பிரிவு இருக்கு. தெரிஞ்சே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினா குறைஞ்சது 7 நாள்ல இருந்து 3 வருசம் வரைக்கும் சிறை, 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். அதுக்குப் பயந்துக்கங்கன்னு நான் சொல்லலை. என் வாதம் வேற. கிராக் போடற பழக்கம் யாருக்கு வசதி தெரியுமா? வழங்கியைப் பூட்டி வெச்சிருக்கறவங்களுக்குத்தான். பையன் எப்படியோ சமாளிச்சுக்கறான், கேள்வி கேக்க மாட்டேங்கறான், 510 மணி நேரம் தூங்குது, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவன் கட்டின ஃபீஸ்ல வாங்கின பொருள்யா அது. சொந்தக் கிணறு வீட்டுக்குப் பின்னாடி இருக்க, பக்கத்துக் காட்டுல ராத்திரி போய் எதுக்குத் தண்ணி திருடணும்?

ரெண்டாவது அணி: 'எல்லாத்தையும் திறமூலத்துக்கு மாத்து.' இவங்க கூட எனக்குச் சண்டை இல்லை, பாதி நான் உங்க ஆள்தான். எல்காட்ல உமாசங்கர் ஐஏஎஸ் இருந்த காலத்துல லினக்ஸ் கொண்டு வந்தப்ப கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். ஃப்ரீகேட் 2024 நவம்பர்ல 1.0 வந்துடுச்சு. ஐஐடி பாம்பேயோட ஃபாஸ்ஸீ திட்டம் சைலேபை காலேஜ் காலேஜாக் கொண்டு போச்சு. முதல் வருசப் படம் போட இதெல்லாம் தாராளம். ஆனா திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் செய்யற பட்டறையோ, நாமக்கல்ல லாரி பாடி கட்டற எடமோ, வெளியூர்க் கம்பெனியோ, வேலைக்குப் போற பொண்ணு கிட்ட 'இந்த மென்பொருள்ல ஒரு பிராக்கெட் வரைஞ்சு காட்டு'ன்னு ஒரு பேரைச் சொல்லித்தான் கேக்கறாங்க. அந்தப் பேர் மாற வரைக்கும் அவ காத்திருக்க முடியாது. நீங்க போராடுங்க, நானும் வர்றேன். அது வரைக்கும் வாங்கி வெச்சதைத் தொறந்து விடச் சொல்லுங்க.

'மாணவர் பதிப்பு இலவசமாத்தான் கெடைக்குதே'ன்னு ஒரு குரலும் வரும். சிலதுக்குக் கெடைக்குது, சந்தோசம். அதை ஓட்டற கணினி இலவசமாக் கெடைக்கலை. ஆன்சிஸ் மாதிரியானதுல மாணவர் பதிப்புல கணக்கோட அளவுக்கே வரம்பு இருக்கு. ப்ராஜெக்ட் கொஞ்சம் பெருசானா மறுபடி லேப் வாசல்தான்.

கிணத்தையே மூடறாங்க

இதுல ஏன் அவசரம்னா, பொதுக் கிணறுங்கற ஏற்பாட்டையே கம்பெனிங்க கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டு வர்றாங்க. ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்ட் 7ல இருந்து புதுசா பொது உரிமச் சந்தா விக்கறதை நிறுத்திடுச்சு. ஏற்கெனவே வெச்சிருந்தவங்க புதுப்பிக்கும்போது பொது இடம் ஒண்ணுக்குப் பதிலா ஆள் பேர் போட்ட சந்தா ரெண்டு, கிட்டத்தட்ட அதே காசுக்கு.

ஒண்ணுக்கு ரெண்டு, லாபம்தானேன்னு தோணும். எங்க ஆபீஸ் மாதிரி எடத்துல உக்காந்து பாத்தா தெரியும். ஒரு பொது இடத்தைக் காலைல ஒருத்தர், மதியம் ஒருத்தர், ராத்திரி ஷிஃப்ட்ல ஒருத்தர், நடுவுல அப்பப்ப எட்டிப் பாத்து அளவு சரி பாக்கற மேனேஜர்னு நாலு பேர் பயன்படுத்துவாங்க. பேர் போட்ட உரிமத்துல அந்த ரெண்டு பேர் லீவுல போனாலும் மத்தவங்க தொட முடியாது. எப்பவாவது தொறக்கறவங்களுக்குன்னு 2021ல ஃப்ளெக்ஸ்னு ஒரு டோக்கன் முறை கொண்டு வந்தாங்க, தொறக்கற நாளுக்கு இத்தனை டோக்கன்னு கழிப்பாங்க. பத்து நிமிசம் பாத்தாலும் ஒரு நாள் கணக்கு. பங்குக் கிணறு போயி, கேன் தண்ணி வந்த கதை.

இதைத் தடுக்க நம்ம ஊர் சின்ன ஆபீசுகளுக்கும் காலேஜ்களுக்கும் பேரம் பேசற பலம் எங்க இருந்து வரும்? 'எங்க கிட்ட 30 இடம் இருக்கு, இத்தனை பேர் பயன்படுத்தறாங்க, இந்தா பதிவேடு'ன்னு காட்டினாத்தான் வரும். பாதி நாள் அணைச்சு வெச்சிருக்கற வழங்கியை வெச்சுக்கிட்டு 'பொது உரிமம் எங்களுக்கு முக்கியம்'னு சொன்னா சிரிப்பாங்க. நீங்களே பயன்படுத்தலையே, எதுக்கு உங்களுக்குன்னு கேப்பாங்க. கேட்டா தப்பில்லை.

நான் கேக்கறது

வழங்கி 24 மணி நேரமும் ஓடணும், லேப் பூட்டோட அதுக்குச் சம்பந்தம் இருக்கக்கூடாது.

ஒப்பந்தத்தைப் படிங்க. வளாகத்துக்குள்ள எங்க வேணும்னாலும்னு இருந்தா ஹாஸ்டலும் லைப்ரரியும் வளாகம்தான். அந்த நெட்வொர்க்குக்கும் வழி விடுங்க. வெளிய கூடாதுன்னு இருந்தா கூடாது, அதுல சமரசம் வேண்டாம்.

டைம்அவுட் எழுதுங்க. ரிசர்வை அழிங்க. தேவைப்பட்டா மேக்ஸ் மட்டும் வைங்க.

அந்தக் கோப்பை யார் எழுதணும்னு ஒரு சின்னக் குழு போடுங்க. அதுல ஹாஸ்டல்ல இருந்து ஒரு பொண்ணு, ஒரு பையன், லேப் அசிஸ்டெண்ட் மூணு பேரும் கண்டிப்பா இருக்கணும். எழுதினதை லேப் கதவுல ஒட்டுங்க.

மாசா மாசம் மறுப்புக் கணக்கை நோட்டீஸ் போர்டுல போடுங்க.

இது எதுக்கும் ஒரு ரூபா கூடுதலாச் செலவில்லை, அந்த பேட்டரியைத் தவிர. செலவு ஆகுதுன்னு சொல்லித் தட்டிக் கழிக்க முடியாதுங்கறதாலதான் இதைக் கேட்டா பல பேருக்குக் கோவம் வருது. போன தடவை ஒரு எடத்துல இதையெல்லாம் சொன்னப்ப, 'பசங்க ராத்திரியில கேம் ஆடுவாங்க சார்'ன்னாங்க. உரிம வழங்கியில கேம் ஆட முடியாதுன்னு விளக்க வேண்டியதாப் போச்சு. இதுக்கு மேல என்ன சொல்றது போங்க.

'இன்ஜினியரிங் பசங்களுக்கு ஒண்ணும் தெரியலை'ன்னு பதிவு போட்ட நண்பர்களே, உங்க ஊர்ல, உங்களுக்குத் தெரிஞ்ச காலேஜ்ல போய் இந்தப் பொட்டி எத்தனை மணிக்கு அணையுதுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. அப்புறம் பசங்களைத் திட்டலாம்.

பி.கு. 1: பதிவேட்டுல மறுப்பை எண்ணிப் பாத்தவங்க எண்ணிக்கையைப் பின்னூட்டத்துல போடுங்க. காலேஜ் பேர் வேண்டாம், ஊரும் மாசமும் போதும். நாலஞ்சு வந்தா அடுத்த பதிவுல பட்டியல் போடறேன்.

பி.கு. 2: ஆப்ஷன்ஸ் கோப்பு எழுத உதவி வேணும்னா தனிமடல் போடுங்க. சேலம், நாமக்கல் சுத்துவட்டாரம்னா ஞாயித்துக்கெழமை நேர்லயே வர்றேன். டீ மட்டும் வாங்கிக் குடுத்தா போதும் :-)